ங்கக்கார சவரி

கிள்ளைக்குத் தெற்கே, பஸ் போகிற ரோட்டிலிருந்து இறங்கி உப்பு வாய்க்காலை ஒட்டி நடந்தால் கீழமேடு காலனி வரும். அங்கே போய் சவரியம்மாள் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள், ஏனென்றால் அந்தப் பேரில் மூன்று பேர் இருக்கிறார்கள். ‘ங்கக்கார சவரி’ என்று கேளுங்கள். யாராவது ஒருவர் வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

அந்தப் பட்டப்பேரில் அவளுக்கு வருத்தம் கிடையாது. பாடுபட்டு வாங்கிய பேர் அது. கல்யாணமாகி வந்த வருஷம், பத்தொன்பது வயசில், ராமாமிர்தம் வீட்டு வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். ராமாமிர்தத்தின் மகன் இளவரசுக்கு அப்போது பத்து வயசு இருக்கும். வரப்பில் நின்றுகொண்டு சவரியம்மாளின் மாமியாரைப் பார்த்து, “ஏய், இங்க வாடி. அந்த மூலைய யாரு நடுறது?” என்றான். மாமியாருக்கு ஐம்பத்தெட்டு வயசு. “தோ வந்துட்டேன் சின்னய்யா” என்று பதறி எழுந்தவளின் கையை சவரியம்மாள் பிடித்து நிறுத்தினாள்.

“ங்க போட்டுக் கூப்புடச் சொல்லு அத்த. அப்பறம் போவலாம்.”

நடவு நின்றது. இருபத்திரண்டு பெண்கள் சேற்றில் நின்றார்கள், வரப்பில் நாற்றுக்கட்டு வாடிக்கொண்டிருந்தது. ராமாமிர்தம் சைக்கிளில் வந்து கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். மத்தியானத்துக்கு மேல் அவருக்கு ஒரு தந்திரம் தோன்றியது. வானத்தைப் பார்த்துக்கொண்டு, “வேலைய ஆரம்பிக்கலாம்” என்றார். ‘வாங்க’வும் இல்லை, ‘வாடி’யும் இல்லை. அன்றிலிருந்து அந்த வயலில் எல்லாம் ‘லாம்’தான். அந்த மூலையை நடலாம், கஞ்சி வந்திருக்கிறது, குடிக்கலாம். பதினைந்து வருஷம் அப்படியே ஓடியது. “வாயில இருந்த டி போயிடிச்சி இல்ல? ங்க என்னிக்காவது வரும்” என்று சவரியம்மாள் அதைப் பாதி ஜெயிப்பாக எடுத்துக்கொண்டாள்.

பிறகு அவள் யாரையும் விட்டதில்லை. ரேஷன் கடைக்காரன், பஸ் கண்டக்டர், ஊசி போடுகிற கம்பவுண்டர் என்று எவன் ‘நீ’ என்று ஆரம்பித்தாலும், “ங்க எங்கய்யா போச்சி, ஊட்டுல வெச்சிட்டு வந்துட்டியா?” என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் பதில் வரும் வரைக்கும் நகரமாட்டாள். பின்னால் வரிசை நின்றாலும் சரி, பஸ் நின்றாலும் சரி.

சுனாமி வந்தபோது கீழமேட்டில் உயிர்ச்சேதம் இல்லை. கடல் வாய்க்கால் வழியாக ஏறி வந்து வயலில் உப்பைக் கொட்டிவிட்டுப் போனது, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ இரண்டு வருஷம் அடுப்பை அணைத்துப் போட்டது. நடவு இல்லை, அறுப்பு இல்லை. பெண்கள் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து சிதம்பரத்துக்குச் சித்தாள் வேலைக்குப் போனார்கள். குழந்தைகளை என்ன செய்வது? ஒரு நாள் பக்கத்து வீட்டுத் தங்கம்மாளின் மகன் தவழ்ந்தே வாய்க்கால் கரைக்குப் போய்விட்டான். யாரோ பார்த்துத் தூக்கி வந்ததால் பிழைத்தான். மறுநாளிலிருந்து காலனிப் பெண்கள் பழைய புடவையைக் கிழித்து, குழந்தையின் காலில் ஒரு முனையும் கட்டில் காலில் ஒரு முனையும் கட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

சவரியம்மாளும் தன் மகள் ஜான்சியை அப்படித்தான் கட்டினாள். ஜான்சிக்கு இரண்டரை வயசு, பல வருஷம் காத்திருந்து பிறந்த பிள்ளை. ஒரு சாயங்காலம் திரும்பி வந்தபோது பிள்ளையின் கணுக்காலைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. ஜான்சி அழக்கூட இல்லை, பழகிப்போயிருந்தாள். சவரியம்மாள் முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் பல்லால் கடித்துக் கிழித்தாள். இந்தக் காலனியில் இனி ஒரு பிள்ளையையும் கட்டிப் போடக்கூடாது என்று அன்றைக்கு நினைத்தாள். அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் அதற்காகத்தான்.

அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் தொண்டு நிறுவனங்களின் ஜீப்புகள். கடலூரில் தலைமை ஆபீஸ் வைத்திருந்த ஒரு நிறுவனம், குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகம் கட்டித் தருகிறோம் என்றது. கட்டடம், ஒரு டீச்சர், மதியச் சோறு. நிபந்தனை ஒன்றே ஒன்று: இருபத்தைந்து பிள்ளைகள் இருக்க வேண்டும். காலனியில் பதினான்கு இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கரையோரக் குடிசைகளில் இருந்த இருளர் வீடுகளில் பதினொன்று. கூட்டினால் சரியாக வந்தது. சவரியம்மாள் வாய்க்காரி என்பதால் அவளையே அமைப்பாளராகப் போட்டு, கட்டடம் வரும் வரைக்கும் அவள் வீட்டு முற்றத்திலேயே பிள்ளைகளை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அமைப்பாளர் என்றால் முதலில் பயிற்சிக்குப் போக வேண்டுமாம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஹாலில் மூன்று நாள். சுவரில் ‘அகமாற்றமே சமூக மாற்றம்’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பயிற்சி கொடுத்த வெண்மதிக்கு இருபத்தாறு வயசு, எம்.ஏ. படித்தவள். எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னாள். சவரியம்மாள் மூடவில்லை.

“ஏம்மா, எங்க காலனிக்கு ரோடு வரலன்னா அது என் மனசு சரியில்லாததாலயா?” என்று கேட்டாள். “மனசு மாறவேண்டியவன்லாம் ஏசி ரூமுல ஒக்காந்திருக்கான். அவன வுட்டுட்டு எங்களக் கண்ண மூடச் சொல்றீங்களே, இது என்னா நாயம்?”

ஹாலில் கைதட்டினார்கள். வெண்மதியும் சிரித்துவிட்டு, “நீங்க கேக்கறது நாயம்தாங்க்கா” என்றாள். அப்புறம் எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, உங்களால் சிறுமைப்பட்ட ஒருவரின் பெயரை இதில் எழுதுங்கள், யாரிடமும் காட்ட வேண்டாம் என்றாள். சவரியம்மாள் ஒரு நொடிகூட யோசிக்காமல் ‘யாரும் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, காட்ட வேண்டாம் என்று சொல்லியும் எல்லோருக்கும் காட்டினாள். சிறுமைப்பட்டே பழகிய நமக்கு இதெல்லாம் எதற்கு என்பது அவள் எண்ணம். பொய் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

திரும்பி வந்த மறுநாள் இருளர் பிள்ளைகளைச் சேர்க்கப் போனாள். அவர்களில் கன்னியம்மா சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். ஐம்பது வயசை நெருங்கியவள், சவரியம்மாளைவிடப் பதினைந்து வயசாவது மூத்தவள். அப்போது இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தாள். சேற்றைக் கையால் தடவி இறாலைப் பிடித்து, பல்லில் கயிறு கடித்துத் தொங்கவிட்ட ஓலைப் பறிக்குள் போடுகிற வேலை அது.

“ஏ கன்னி! இங்க வாடி, நல்ல சேதி கொண்டாந்திருக்கேன்” என்று சவரியம்மாள் கரையிலிருந்து கூப்பிட்டாள். கன்னியம்மா ஒரு தடவை பார்த்தாள், திரும்பவும் தடவ ஆரம்பித்தாள். பாவம், வாயில் பறிக்கயிறு இருக்கும்போது எப்படிப் பேசுவாள் என்று சவரியம்மாளே அவளுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டு, சேதியைக் கத்திச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு பிள்ளையும் வரவில்லை. இரண்டாவது தடவை போனபோது கன்னியம்மா குடிசை வாசலில் நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள், வாயில் கயிறு இல்லை. “என்னாடி கன்னி, புள்ளைங்கள அனுப்புறீங்களாடி இல்லியாடி?” என்றாள் சவரியம்மாள். கன்னியம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மூன்றாவது தடவை சவரியம்மாளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “காலு கடுக்க மூணு தடவ நடந்துட்டேன். வாயத் தொறந்து பேசுனா கொறஞ்சா பூடுவ? நல்லது செய்ய வந்தவள இப்பிடி நிக்க வெக்கிறியே, எவ்ளோ திமிருடி ஒனக்கு!”

கன்னியம்மா அவளை நேராகப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

“சவரிம்மா, அந்தப் பையன் ஒங்க மாமியாள வாடின்னான் பாருங்க, அன்னிக்கு நானும் அந்த வயக்காட்டுலதான் நண்டு புடிச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க ங்க போடுன்னு கத்துனது என் காதுல உழுந்திச்சி. எனக்கு அன்னிக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா? இந்தப் பொண்ணு நம்மளயும் ஒருநா ங்க போட்டுக் கூப்புடும்னு நெனச்சேன். பதினஞ்சி வருசம் ஆச்சிம்மா.” நண்டை எடுத்துச் சட்டியில் போட்டாள். “புள்ளைங்க வராது. அங்க வந்து அதுங்க என்னாத்தக் கத்துக்கும்? யாரு யாருக்கு டி போடணும்னுதான் கத்துக்கும்.”

சவரியம்மாள் திரும்பி நடந்தாள். சும்மா நடக்கவில்லை, வாய்க்கால் கரை முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டே நடந்தாள். நான் என்ன ராமாமிர்தமா? என் கையில் நிலமா இருக்கிறது? நானே மிதிபட்டவள், என்னைப் போய்ச் சொல்கிறாளே. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பதில் எல்லாம் தீர்ந்துபோய்விட்டது. சிதம்பரத்தில் கொட்டை எழுத்தில் எழுதி ஊருக்கே காட்டிய ‘யாரும் இல்லை’ ஞாபகத்துக்கு வந்தது. கன்னியம்மாவை ஆயிரம் தடவையாவது ‘வாடி’ என்று கூப்பிட்டிருப்பாள். குழாயடியில் காலனிக் குடங்கள் நிரம்பும் வரை “தள்ளி நில்லுடி” என்று சொன்னதே நூறு தடவை இருக்கும். அத்தனையும் ஞாபகத்தில் பதியாமலே போயிருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுதாள் என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது, ஆனால் அழுதாள்.

சனிக்கிழமை மாதா கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் முழங்கால் போட்டாள். “சாமி, என்னவிட வயசுல மூத்த பொம்பளய வாடி போடின்னு கூப்புட்டிருக்கேன்” என்றாள்.

பலகைக்கு அந்தப் பக்கம் சாமியார் கொஞ்ச நேரம் காத்திருந்தார், இன்னும் பெரிதாக ஏதோ வரும் என்று. வரவில்லை. “அது பேச்சு வழக்கும்மா. வேற பாவம்?”

“இது பாவம் இல்லன்னா வேற எது சாமி பாவம்?”

“சரி, மூணு அருள் நிறைந்த மரியே சொல்லு” என்றார்.

“மாதாவுக்கு நான் ஒரு கொறையும் வெக்கல சாமி. கன்னியம்மாவுக்குத்தான் வெச்சேன்.”

“அப்போ இங்க என்னாத்துக்கு வந்த? அங்க போ” என்றார் அவர். எரிச்சலில் சொன்னாரோ, நிஜமாகவே சொன்னாரோ, சவரியம்மாள் அதையே அபராதமாக எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

போவது சுலபம். நாக்கு திரும்ப வேண்டுமே! அரிசி புடைக்கும்போது, “வாங்க, உக்காருங்க” என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். புருஷன் கண்ணாயிரம் உள்ளேயிருந்து, “யாரு வந்திருக்கிறது?” என்று எட்டிப் பார்த்தான். வாய்க்கால் கரைக்குப் போய் கன்னியம்மாவைப் பார்த்ததும் வாயில் வந்தது, “கன்னியம்மா, வாங்கடி.” கன்னியம்மாவோடு தண்ணீரில் நின்றிருந்த பெண்கள் பறிக்கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவமானம் பிடுங்கித் தின்றது. சமாளிப்பதற்காக அவசரமாக, “இல்ல, புள்ளைங்கள அனுப்பலாம்னு...” என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அனுப்பலாம்! ராமாமிர்தம் வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்ன அதே ‘லாம்’ தன் வாயிலிருந்து வருகிறது. பதினைந்து வருஷம் அந்த மனுஷனைக் கரித்துக்கொட்டியவள், இப்போது தானும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குமேல் யோசிக்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, புடவையோடு தண்ணீரில் இறங்கினாள். கன்னியம்மாவின் முகத்துக்கு நேரே போய் நின்று, “கன்னியம்மாக்கா, ஒங்க புள்ளைங்கள அனுப்புங்க. அதுங்களுக்கு எவளாவது டி போட்டா நான் கேக்கறேன். நானே போட்டா நீங்க கேளுங்க” என்றாள்.

கன்னியம்மா பறிக்கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள். “ம்” என்றாள். அந்த ஒரு ‘ம்’முக்கு மறுநாள் பதினொரு பிள்ளைகள் தலைவாரி வந்து நின்றன.

காலனி கொதித்தது. குழாயடியில், எல்லோருக்கும் முன்னால், சவரியம்மாள் ஒரு இருளப் பெண்ணை அக்கா என்றாள், வாங்க என்றாள், உங்கள் குடத்தை முதலில் வையுங்கள் என்றாள். சேதி ஒரே நாளில் பரவிவிட்டது. பிள்ளைகள் சேர்ந்து உட்காருவதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள் போல, பிள்ளைகள்தானே என்று. இந்த ‘ங்க’வைத்தான் பொறுக்க முடியவில்லை.

“நாமளே இப்பதான் நிமுந்து நிக்கிறோம். அதுக்குள்ள அவுங்களுக்கு ங்க போட்டா, ஊர்க்காரன் நம்மள என்னான்னு மதிப்பான்?” என்றான் கண்ணாயிரம்.

“ஊர்க்காரன் மதிக்கறதுக்கு கன்னியம்மாவ மிதிக்கணுமா மாமா?”

அவன் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். சாப்பாடும் அங்கேயே என்று ஆகிவிட்டது. தங்கம்மாள் தன் பிள்ளையைத் திரும்பவும் கட்டில் காலில் கட்டினாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் கட்டினார்கள். பதினான்கு பிள்ளைகளில் பதின்மூன்று நின்றுவிட்டன. ஜான்சி மட்டும் இருளர் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். கடலூரிலிருந்து அதிகாரி வந்து தலை எண்ணிப் பார்க்க எட்டு நாள்தான் இருந்தது.

காலனித் தலைவர் காத்தவராயன் கெட்டவர் இல்லை. அந்த நடவுச் சண்டையிலிருந்து எல்லாச் சண்டைக்கும் அவளோடு நின்றவர். அதனால்தான் அவர் பேசியது கஷ்டமாக இருந்தது. “சவரி, நான் பொம்பளைங்ககிட்ட பேசிட்டேன். பதிமூணு புள்ளையும் வரும். நீ ஒண்ணே ஒண்ணு செய்யி. ஆபீசர் வர்ற அன்னிக்கி எல்லார் முன்னாடியும் கன்னிய எப்பவும்போலக் கூப்புடு. மனசுக்குள்ள நீ என்னா மரியாத வேணா வெச்சிக்க, யாரு கேக்கப் போறா? ஒரு வார்த்த. கட்டடம் வந்துடும்.”

“மனசுக்குள்ள வெச்ச மரியாத யாருக்குண்ணே ஒதவும்?” என்று கேட்டாளே ஒழிய, அன்றைக்கெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் பதின்மூன்று பிள்ளைகளின் காலிலிருந்தும் முடிச்சு அவிழ்ந்துவிடும். தன் பிடிவாதத்துக்காகத் தங்கம்மாள் மகனின் கணுக்கால் புண்ணாக வேண்டுமா என்று அவளுக்கே தோன்றியது. ரோடு வருவதற்கு மனசு மாற வேண்டியதில்லை என்று சிதம்பரத்தில் வாதாடியவள் அவள். அது சரிதான். ஆனால் போட்ட ரோட்டில் யார் நடக்கலாம் என்பதை மனசுதானே முடிவுசெய்கிறது என்று இப்போது தோன்றியது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தாள்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் கன்னியம்மாவே அவளைத் தேடி வந்தாள். வழக்கம்போல வேலிக்கு வெளியே நின்றாள். “சேதி கேட்டேன் சவரிம்மா. ஒங்க பாடு எனக்குப் புரியிது. வாடின்னே கூப்புடுங்க. எனக்கு என்னா, கேட்டுப் பழகுனதுதான். புள்ளைங்க சோறு திங்கட்டும்.”

சவரியம்மாளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “பழகுனதுதான்னு சொல்லாதீங்க” என்று கத்தினாள். “எம்புள்ளயும் கயித்துக்குப் பழகிப்போயிதான் கெடந்துச்சி. கட்டடத்துக்காக ஒங்களக் கொறச்சா, அந்தக் கட்டடத்துல எம்புள்ள என்னாத்தக் கத்துக்கும்? நீங்க அன்னிக்குக் கேட்டதுதான், நானும் கேக்கறேன்.”

கன்னியம்மா பறியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. கடலூர் அதிகாரியும் வெண்மதியும் இறங்கினார்கள். சவரியம்மாள் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுப் பாய் விரித்திருந்தார்கள். பன்னிரண்டு பிள்ளைகள் உள்ளே. வேலிக்கு வெளியே காலனிப் பெண்கள், பதின்மூன்று பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, எந்த நேரமும் உள்ளே வரத் தயாராக நின்றார்கள். காத்தவராயன் வாசலில் நின்றார். இருளப் பெண்கள் ஒதுங்கி வேப்பமரத்தடியில். அதிகாரி நோட்டைத் திறந்து, “தாய்மார்களையெல்லாம் கூப்பிடுங்கம்மா, ஆரம்பிக்கலாம்” என்றார்.

எல்லோரும் சவரியம்மாளின் வாயைப் பார்த்தார்கள். அவள் வேப்பமரத்துப் பக்கம் திரும்பினாள். அந்தக் காலனியில் ஒரு வீடு விடாமல் கேட்கிற மாதிரி, “கன்னியம்மாக்கா! வாங்க. முன்னாடி வந்து உக்காருங்க” என்றாள்.

காத்தவராயன் தலையைக் குனிந்துகொண்டார். வேலிக்கு வெளியே நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு பிள்ளையும் உள்ளே வரவில்லை. அதிகாரி விரலை நீட்டி எண்ணினார், பன்னிரண்டு. இரண்டாவது தடவையும் எண்ணினார். “இருபத்தஞ்சு இல்லன்னா என்னால எழுத முடியாதும்மா. வேற கிராமத்துக்கு மாத்த வேண்டியதுதான்” என்றார். வெண்மதி ஏதோ சொல்லப் போனாள், அவர் கையை அசைத்துவிட்டார்.

“மாத்திக்குங்க சார்” என்றாள் சவரியம்மாள். “கட்டடத்த எடுத்துக்கிட்டுப் போங்க. புள்ளைங்க இங்கதான் இருக்கும்.”

கட்டடம் வேறு கிராமத்துக்குத்தான் போனது, அதில் மாயம் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் அவள் வீட்டில் இருந்தார்கள். அவளும் கன்னியம்மாவும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள், வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்கிக் கஞ்சி காய்ச்சினார்கள். வெண்மதி அந்த நிறுவனத்து வேலையை விட்டபிறகும் சொந்தச் செலவில் பஸ் ஏறி வந்து சனிக்கிழமைகளில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். மூன்றாவது வாரம் தங்கம்மாள் திட்டிக்கொண்டே வந்து பிள்ளையை விட்டாள். கண்ணாயிரம் அக்கா வீட்டுச் சாப்பாடு அலுத்துப்போய் வந்து சேர்ந்தான். காத்தவராயன் மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் அவளோடு பேசவில்லை. 2011 கடைசியில் ‘தானே’ புயல் அந்த வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது காப்பகத்தில் முப்பத்தொரு பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். அடுத்த பொங்கலுக்குள் திரும்பவும் கூரை போட்டார்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு யாராவது சவரியம்மாளிடம், நீங்கள் பெரிய காரியம் செய்துவிட்டீர்கள் என்று சொன்னால் அவளுக்கு எரிச்சல்தான் வரும். பெரிய காரியம் அன்றைக்கு மத்தியானம், ஜீப் கிளம்பிய பிறகு நடந்தது என்பாள்.

ஜீப் போய்விட்டது. வேலிக்கு வெளியே கூட்டம் கலையவில்லை, தோற்றவள் முகத்தைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? சவரியம்மாள் பாயின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கன்னியம்மா வேப்பமரத்தடியிலிருந்து மெதுவாக வந்தாள். அந்த வேலியை அதுவரை தாண்டியறியாதவள், தாண்டி உள்ளே வந்தாள். பாய் ஓரத்தில் நின்று சவரியம்மாளைக் குனிந்து பார்த்தாள். வழக்கமான ‘சவரிம்மா’ வரவில்லை.

“நவுந்து உக்காருடி சவரி. எனக்கும் காலு வலிக்கிது” என்றாள்.

சவரியம்மாளுக்குச் சுருக்கென்று குத்தியது. இதைச் சொல்லாமல் விட்டால் அவளைப் பற்றிப் பொய் சொன்னதாகிவிடும். பத்தொன்பது வயசிலிருந்து எவனிடமும் விட்டுக்கொடுக்காத வார்த்தை அது. ‘ங்க எங்க போச்சி’ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு இருளச்சி என்னை டி போடுவதா என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படி நினைத்தது தன் மனசுதானா என்று திடுக்கிட்டு, கன்னியம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். தன்னைவிடப் பதினைந்து வயசு மூத்த பெண், கால் வலிக்கிறது என்று நின்றுகொண்டிருந்தாள்.

வாசலில் காத்தவராயன் கசப்பாகச் சிரித்தார். “பாத்தியா சவரி? கட்டடமும் போச்சி. இப்ப ஒன்னையே டி போடறா. இது தேவையா ஒனக்கு?”

“எங்கக்கா என்ன டி போடறாங்க” என்றாள் சவரியம்மாள். “அதுல ஒனக்கு என்னாண்ணே?”

சொல்லிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.